உவர்நீர், வண்டல், துரு: வேளச்சேரி ஊர்திகளின் அடிப்பாகப் பாதுகாப்பு குறித்த ஓர் ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

பனிப்பொழிவு மிகுந்த நாடுகளில் சாலைகளின் மீது தூவப்படும் உப்பு, ஊர்திகளின் அடிப்பாகத்தை விரைந்து துருப்பிடிக்கச் செய்கிறது. அச்சூழலுக்கென உருவான துருத்தடுப்பு முறைகள் இன்று சென்னையிலும் பரவலாகக் கையாளப்படுகின்றன. பனியே காணாத வேளச்சேரியில் ஊர்திகள் துருப்பிடிப்பதற்கான சூழல் வேறானது. மழைவெள்ளம் கொணரும் வண்டலும், பெட்டிச் சட்டங்களுக்குள் தேங்கும் ஈரமும், ஆண்டு முழுவதும் குறையாத வெப்பமும் ஈரப்பதமும் இங்கே முதன்மைக் காரணிகள் ஆகின்றன. இக்கட்டுரை இவ்விரு சூழல்களையும் மின்வேதியியல் நோக்கில் ஒப்பிடுகிறது. வடித்தல், கழுவுதல், உலர்த்துதல், சோதித்தல் ஆகிய நான்கும் முடிந்த பின்னரே பூச்சு பயன்தரும் என்பதையும், இவ்வரிசை மாறினால் பூச்சே துருவுக்கு உறையாகிவிடும் என்பதையும் இது நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: துரு, அரிமானம், குளோரைடு, வேளச்சேரி, பள்ளிக்கரணை, வெள்ளம், பெட்டிச் சட்டம், வடிகால் துளை, துருத்தடுப்புப் பூச்சு

1. முன்னுரை

2024 அக்டோபர் நடுப்பகுதியில் சென்னைக்குக் கனமழை எச்சரிக்கை விடுக்கப்பட்டபோது, வேளச்சேரி, பள்ளிக்கரணை மேம்பாலங்களின் ஓரங்களில் மகிழுந்துகள் வரிசையாக நிறுத்தப்பட்டன. 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பர் 3, 4 ஆகிய நாள்களில் மிக்ஜாம் புயலின்போது பெய்த பெருமழையிலும் ஊர்திகளை நீரில் இழந்த பகுதி மக்கள், பட்டறிவால் கற்ற தற்காப்பு அது. மேம்பாலத்தில் இடம் கிடைத்த ஊர்தி தப்பியது. கிடைக்காதது, தெருவிலோ அடுக்ககத்தின் தரைத்தள நிறுத்துமிடத்திலோ நீரில் நின்றது.

வெள்ளத்தில் நின்ற ஊர்தியைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் இயந்திரம், மின்னமைப்பு, இருக்கை ஆகியவற்றோடு முடிந்துவிடுகிறது. இயந்திரம் ஓடத் தொடங்கியதும் ஊர்தி பிழைத்துக்கொண்டது எனக் கருதப்படுகிறது. ஆயின் அடிப்பாகத்தில் தொடங்கிய அரிமானம் அப்போது கண்ணுக்குத் தெரிவதில்லை. அது சில ஆண்டுகள் கழித்து, பிரேக் குழாயின் கசிவாகவோ, இடைநீக்கச் சட்டத்தின் முறிவாகவோ வெளிப்படுகிறது. அதற்குள் அவ்வூர்தி கைமாறி, வெள்ளத்தை அறியாத ஒருவருடைய பிழைப்புக்கான வாடகை ஊர்தியாகவும் ஆகியிருக்கக்கூடும். எனவே, அடிப்பாகத் துரு உயிர்ப் பாதுகாப்பைச் சார்ந்த பொருண்மை என்னும் நோக்கில் இக்கட்டுரை அமைகிறது.

2. துரு உருவாகும் முறை

இரும்பு துருப்பிடித்தல் ஒரு மின்வேதி நிகழ்வு. ஈரப்படலம் படிந்த இரும்பின் மேற்பரப்பில் ஓரிடம் நேர்மின்வாயாகி, அங்கே இரும்பணுக்கள் எலக்ட்ரான்களை இழந்து அயனிகளாகக் கரைகின்றன. வேறோரிடம் எதிர்மின்வாயாகி, அங்கே ஆக்சிஜனும் நீரும் அவ்வெலக்ட்ரான்களைப் பெற்று ஹைட்ராக்சைடு அயனிகளாகின்றன. இரண்டும் கூடிப் பின்னர் மேலும் ஆக்சிஜனேற்றம் அடைந்து துருவாகின்றன. துரு, தான் உருவாகக் காரணமான இரும்பைக் காட்டிலும் பல மடங்கு பருமன் மிக்கது. ஆகவே இரு தகடுகளின் இணைப்பில் தோன்றும் துரு, அத்தகடுகளை நெம்பிப் பிரித்து மேலும் ஈரம் நுழைய வழி செய்கிறது.

இந்நிகழ்வில் உப்பின் பங்கு மூன்று வகையானது. முதலாவதாக, அது நீரின் மின்கடத்துதிறனை உயர்த்துகிறது. இரண்டாவதாக, குளோரைடு அயனி இரும்பின் மீதுள்ள மெல்லிய காப்புப் படலத்தைச் சிதைக்கிறது. மூன்றாவதாக, உப்பு காற்றிலிருந்து ஈரத்தை ஈர்த்துக்கொள்கிறது. மழைக்காலத்தில் சமையலறைச் சாடியிலுள்ள கல்லுப்பு நீர்விட்டுக் கசிவது இதனாலேயே. தூய சோடியம் குளோரைடு, காற்றின் ஒப்பு ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டை எட்டும்போது கரைசலாகிறது. கடலுப்பில் கலந்துள்ள மக்னீசியம் குளோரைடோ 33 விழுக்காட்டிலேயே கரைசலாகிவிடுகிறது. எனவே கடலுப்பு படிந்த தகடு, கையால் தொடும்போது உலர்ந்ததுபோல் தோன்றினும் நுண்ணிய ஈரப்படலத்தைத் தாங்கியே இருக்கக்கூடும்.

இங்கே கருதத்தக்க மற்றொரு உண்மை உண்டு. அரிமானத்தில் குளோரைடு செலவாவதில்லை. அது இரும்போடு சேர்ந்து இரும்புக் குளோரைடாகி, பின்னர் நீரால் சிதைந்து, மீண்டும் விடுபட்டு, அடுத்த அடுக்கு இரும்பைத் தாக்குகிறது. ஒருமுறை படிந்த உப்பு, கழுவி அகற்றப்படும் வரை தன் வேலையைத் தொடர்கிறது. இக்கட்டுரையில் பின்னர்க் கூறப்படும் பாதுகாப்பு வரிசைமுறைக்கு இவ்வுண்மையே அடிப்படை.

3. பனிநாடுகளின் சாலை உப்பு

உப்புக் கரைசல் தூய நீரைவிடக் குறைந்த வெப்பநிலையில் உறைகிறது. சோடியம் குளோரைடு ஏறத்தாழ 23 விழுக்காடு கலந்த கரைசல் சுழியத்துக்குக் கீழ் 21 பாகை செல்சியசு வரை உறையாது நிற்கும். இப்பண்பைக் கொண்டே வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பனிக்காலச் சாலைகளில் உப்பு தூவப்படுகிறது. கனடாவில் மட்டும் ஆண்டுக்கு ஏறத்தாழ 50 இலட்சம் டன் சாலை உப்பு பயன்படுத்தப்படுவதாக அந்நாட்டுச் சுற்றுச்சூழல் துறை மதிப்பிட்டுள்ளது. டொராண்டோவின் இசுகார்பரோ பகுதியில் வாழும் ஈழத்தமிழர், துருவைத் தம் வழக்கில் ‘கறள்’ என்பர். சென்னையிலிருந்து அங்குக் குடியேறியவர்க்கும், ஊர்தி வாங்கிய முதற் பனிக்காலத்திலேயே அறிமுகமாகும் சிக்கல் இது.

அங்கே உப்புக் கூழ் சக்கரங்களால் வீசப்பட்டு அடிப்பாகம் முழுவதும் அப்புகிறது. கடுங்குளிரில் வினை மெதுவாகவே நிகழும். பனி உருகும் பருவத்திலும், வெப்பமூட்டிய கொட்டகையில் நிறுத்தும்போதும் அது விரைகிறது. அந்நாட்டு மக்கள் பனிக்காலத்துக்கு முன் துருத்தடுப்பு எண்ணெய் தெளிப்பதையும், பனிக்காலம் நெடுக அடிப்பாகத்தைக் கழுவுவதையும் வழக்கமாகக் கொண்டுள்ளனர். அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம், துருவால் பிரேக் குழாய்கள் பழுதுற்றமை குறித்த ஆய்வை 2015 ஏப்ரலில் முடித்தபோது, உப்புத் தூவும் மாநிலங்களில் பழைய ஊர்திகளை வைத்திருப்போர் அடிப்பாகத்தைத் தவறாது கழுவவும் குழாய்களைச் சோதிக்கவும் வேண்டும் என அறிவுறுத்தியது.

4. வேளச்சேரியின் சூழல்

வேளச்சேரி, வங்கக் கடற்கரையிலிருந்து ஐந்தாறு கிலோமீட்டர் தொலைவில், பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தின் வடமேற்கு விளிம்பில் அமைந்த தாழ்நிலப் பகுதி. ஆதம்பாக்கம் முதலிய ஏரிப்பகுதிகளின் மிகுநீர் வீராங்கல் ஓடை வழியாகச் சதுப்புநிலத்தை அடைந்து, ஒக்கியம் மடுவு, பக்கிங்காம் கால்வாய் ஆகியவற்றின் ஊடே கோவளம் முகத்துவாரத்தை நோக்கிச் செல்கிறது. 2022 இல் இராம்சர் ஈரநிலமாக அறிவிக்கப்பட்ட பள்ளிக்கரணையின் பரப்பு ஏறத்தாழ 1,248 எக்டேர். ஏரியும் சதுப்பும் சுருங்கிய இடங்களில் குடியிருப்புகள் எழுந்தமையால், வடியும் வழி குறுகிய நீர் தெருக்களில் தேங்குகிறது. 2015 டிசம்பர் முதல் நாளன்று தொடங்கி 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் ஏறத்தாழ 49 செ.மீ. மழை பதிவானது. விஜயநகர், ஏ.ஜி.எஸ். காலனி, இராம் நகர், டான்சி நகர் முதலிய பகுதிகள் ஒவ்வொரு பெருமழையிலும் நீர் சூழும் பெயர்களாகச் செய்திகளில் இடம்பெற்று வருகின்றன.

உப்பைப் பொறுத்தவரை வேளச்சேரியின் நிலையை மிகைப்படுத்துதல் தகாது. கடற்காற்று சுமந்துவரும் உப்புத்துகள்களின் பெரும்பகுதி கரையிலிருந்து முதல் ஒரு கிலோமீட்டருக்குள் படிந்துவிடும். பெசன்ட் நகர், திருவான்மியூர்க் கடற்கரைத் தெருக்களில் நிற்கும் ஊர்திக்கும் வேளச்சேரியில் நிற்கும் ஊர்திக்கும் இவ்வகையில் வேறுபாடு மிகுதி. எனினும், கிழக்குக் கடற்கரைச் சாலையில் நாளும் சென்றுவரும் ஊர்தி, மீன் ஏற்றிய வண்டிகளிலிருந்து சிந்தும் பனிக்கட்டி நீரின் மீது ஓடும் ஊர்தி, உவர்ப்பான ஆழ்துளைக் கிணற்று நீரால் கழுவப்படும் ஊர்தி ஆகியவை உப்பை வேளச்சேரிக்குக் கொண்டுவந்து சேர்க்கின்றன.

கடலோர அரிமானத்தின் வன்மையைத் தமிழகம் நெடுங்காலமாக அறியும். 1914 இல் திறக்கப்பட்ட பாம்பன் தொடர்வண்டிப் பாலம், அரிமானத்தோடு இடைவிடாது போராடி, 2022 டிசம்பரில் போக்குவரத்து நிறுத்தப்பட்டு, 2025 ஏப்ரலில் புதிய பாலத்துக்கு இடம் தந்தது. வள்ளல் அழகப்பச் செட்டியாரின் கொடையால் காரைக்குடியில் உருவான மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம், மண்டபத்தில் களநிலையம் அமைத்துக் கடலோர அரிமானத்தை ஆராய்ந்து வருகிறது. அந்நிறுவனத்தின் சென்னைப் பிரிவு வேளச்சேரிக்கு அண்மையிலுள்ள தரமணியில் இயங்குகிறது. பாலங்களுக்கும் கப்பல்களுக்கும் பயன்பட்ட இவ்வறிவு, தெருவில் நிற்கும் ஊர்தியின் உரிமையாளரை இன்னும் போதிய அளவில் சென்றடையவில்லை.

5. இரு சூழல்களின் ஒப்பீடு

டொராண்டோவின் சாலைக்கூழில் உப்பு மிகுதி, வெப்பம் குறைவு. வேளச்சேரியின் வெள்ளநீரில் உப்பு குறைவு, வெப்பம் மிகுதி. கடல்நீரில் ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ 19,000 மில்லிகிராம் குளோரைடு உண்டு. மழைநீரும் கழிவுநீரும் கலந்த தெருவெள்ளத்தில் அதனினும் மிகக் குறைந்த அளவே இருக்கும். அவ்வாறாயின் வெள்ளம் ஏன் இவ்வளவு கேடு விளைக்கிறது? இதற்கு மூன்று விடைகள் உள்ளன.

முதலாவது, நேரம். ஈரம் நீடிக்கும் நேரமே அரிமானத்தின் அளவை முடிவு செய்கிறது. சென்னையில் இரவு நேர ஒப்பு ஈரப்பதம் 80 விழுக்காட்டைத் தொடுவது பல மாதங்களில் இயல்பு. பனிநாட்டில் உறைநிலை தரும் இடைவேளை இங்கில்லை. வெப்பநிலை 10 பாகை உயர்ந்தால் வேதிவினையின் வேகம் ஏறத்தாழ இருமடங்காகும் என்னும் பொதுவிதியும் இங்கு நினைக்கத்தக்கது.

இரண்டாவது, வண்டல். வெள்ளம் வடிந்த பின் சட்டங்களுக்குள்ளும் சக்கர வளைவுகளின் மடிப்புகளிலும் நுண்சேறு தங்கிவிடுகிறது. அச்சேறு புண்ணின் மேல் வைத்த ஈரப்பற்றைப் போல் நீரைப் பிடித்துவைக்கிறது. சேற்றுக்கு அடியில் ஆக்சிஜன் குறைவாகவும் அதன் விளிம்பில் மிகுதியாகவும் இருப்பதால், ஆக்சிஜன் குறைந்த அடிப்பகுதி நேர்மின்வாயாகிக் கரைகிறது. இதனால் ஒரே சீராகத் தேயாமல் குழிகுழியாகத் தகடு அரிக்கப்படுகிறது. கழிவுநீரின் கரிமப் பொருள்கள் மக்கும் சேற்றில், சல்பேட்டைச் சல்பைடாக மாற்றும் நுண்ணுயிர்களும் இவ்வரிப்பை மிகுவிக்கக்கூடும்.

மூன்றாவது, திசை. சாலை உப்பு வெளியிலிருந்து தாக்குகிறது. வெள்ளம் உள்ளிருந்தும் தாக்குகிறது. ஊர்திக்குள் புகுந்த நீர், தரைவிரிப்பின் அடியிலுள்ள பஞ்சுப்பொதியில் ஊறிக் கிடக்கிறது. மேலே விரிப்பு உலர்ந்த பின்னும் பொதி வாரக்கணக்கில் ஈரமாகவே இருக்கும். அடித்தகடு மேற்புறத்திலிருந்து துருப்பிடிக்கும்போது, கீழ்ப்புறத்தில் எவ்வளவு தடித்த பூச்சு இருந்தும் பயனில்லை. கதவுகளின் அடியிலுள்ள பெட்டிச் சட்டங்களின் நிலையும் இதுவே.

6. எளிதில் பழுதுறும் உறுப்புகள்

மகிழுந்தின் உடற்தகடு பெரும்பாலும் 0.7 முதல் 0.8 மில்லிமீட்டர் தடிப்புடையது. பிரேக் எண்ணெய் செல்லும் எஃகுக் குழாயின் சுவரும் ஏறத்தாழ 0.7 மில்லிமீட்டரே. வளிமண்டல அரிமானத்தை வகைப்படுத்தும் ஐ.எஸ்.ஓ. 9223 தரநிலையின்படி, நடுத்தர அரிமானச் சூழலில் (சி3) காப்பற்ற எஃகு முதலாண்டில் 25 முதல் 50 மைக்ரோமீட்டர் வரை தேய்கிறது. மிகக் கடும் சூழலில் (சி5) இது 80 முதல் 200 மைக்ரோமீட்டர் வரை செல்கிறது. 0.7 மில்லிமீட்டர் என்பது 700 மைக்ரோமீட்டர். முதலாண்டு வேகம் அப்படியே தொடர்வதாகக் கொண்டால், நடுத்தரச் சூழலின் மேல்வரம்பில் இச்சுவர் தேய 14 ஆண்டுகள் ஆகும். மிகக் கடும் சூழலின் மேல்வரம்பில் மூன்றரை ஆண்டுகளே போதும். உண்மையில் சீரான தேய்மானம் காலப்போக்கில் குறையும். ஆயினும் குழியரிப்பு இக்கணக்குக்குக் கட்டுப்படாது. ஒரு குழி துளையாவதற்குத் தகடு முழுவதும் தேய வேண்டியதில்லை.

பழுதின் விளைவைக் கொண்டு உறுப்புகளை வரிசைப்படுத்தினால், பிரேக் குழாய்களும் அவற்றின் பற்றிகளும் முதலிடம் பெறும். இடைநீக்கக் கைகள் சட்டத்தோடு இணையும் இடங்கள், முன்பக்கத் துணைச்சட்டம், எரிபொருள் தொட்டியைத் தாங்கும் பட்டைகள், இருக்கைப் பட்டை பொருந்தும் இடங்கள் ஆகியவை அடுத்து வரும். சைலன்சர் துருப்பிடித்தல் ஒலியால் தன்னை அறிவித்துவிடும். பிரேக் குழாய் அவ்வாறு அறிவிப்பதில்லை. இயல்பான ஓட்டத்தில் தாங்கி நின்று, திடீரென அழுத்தி மிதிக்கும் நொடியில் அது வெடிக்கக்கூடும்.

7. தொழிற்சாலைப் பாதுகாப்பும் அதன் எல்லையும்

இக்கால ஊர்திகள் காப்பின்றி வருவதில்லை. உடற்சட்டம் முழுவதும் பாஸ்பேட் கரைசலில் நனைக்கப்பட்டு, பின் மின்னாற்றலால் படியவைக்கப்படும் அடிப்பூச்சைப் பெறுகிறது. இதன் தடிப்பு 20 மைக்ரோமீட்டர் அளவினது. பல ஊர்திகளில் துத்தநாகம் பூசிய தகடுகளும் பயன்படுகின்றன. துத்தநாகம் இரும்பைவிட எளிதில் ஆக்சிஜனேற்றம் அடைவதால், கீறல் விழுந்த இடத்தில் தான் கரைந்து இரும்பைக் காக்கிறது. கீழ்ப்புறத்தில் கல்லடியைத் தாங்க பி.வி.சி. பூச்சும், சில பெட்டிச் சட்டங்களுக்குள் மெழுகும் இடப்படுகின்றன.

அடிப்பூச்சுக் கரைசல் உட்புகுந்து வெளியேறுவதற்காகச் சட்டங்களில் துளைகள் விடப்பட்டுள்ளன. அவற்றுள் சில பின்னர் ரப்பர் மூடிகளால் அடைக்கப்படுகின்றன. சில, மழைநீர் வடியத் திறந்தே இருக்கின்றன. கண்ணுக்கு எளிதில் படாத இத்துளைகளே வேளச்சேரி போன்ற இடத்தில் ஊர்தியின் ஆயுளைக் காப்பவை. சேற்றாலோ பூச்சாலோ அவை அடைபட்டால், சட்டம் நீர்த்தொட்டியாகிவிடும்.

8. பாதுகாப்பின் வரிசைமுறை

8.1 வடித்தல்: வெள்ளம் வடிந்ததும் ஊர்தியை இயக்க முயலாமல், மின்கல இணைப்பைத் துண்டித்து, இழுத்துச் சென்று பணிமனையில் உயர்த்துதல் வேண்டும். கதவடிச் சட்டங்கள், தரைத்தகடு, பின்பெட்டி ஆகியவற்றின் ரப்பர் மூடிகளைக் கழற்றித் தேங்கிய நீரை வெளியேற்ற வேண்டும். அடைபட்ட துளைகளை மென்மையான கம்பியால் திறக்கலாம். இருக்கைகளையும் தரைவிரிப்பையும் முழுமையாக வெளியே எடுப்பது இன்றியமையாதது.

8.2 கழுவுதல்: சேறு காய்ந்து இறுகும் முன் கழுவுவது நன்று. வாட்டர் சர்வீஸ் நிலையங்களில் மேல்மூடி பளபளக்கக் கழுவுவதற்குச் செலவிடும் நேரத்தில் பாதியையேனும் அடிப்பாகத்துக்கு ஒதுக்கச் சொல்ல வேண்டும். பெட்டிச் சட்டங்களுக்குள் மெல்லிய குழாயைச் செலுத்தி, வெளிவரும் நீர் தெளியும் வரை அலச வேண்டும். மின்னிணைப்புகளின் மீதும் சக்கரத் தாங்கிகளின் மீதும் உயரழுத்த நீரைப் பாய்ச்சலாகாது.

கழுவும் நீரின் தன்மையும் கருதத்தக்கது. இந்தியத் தரநிலை ஐ.எஸ். 10500, குடிநீரில் குளோரைடு லிட்டருக்கு 250 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்றும், மாற்று நீர்வழி இல்லாத நிலையில் 1,000 மில்லிகிராம் வரை இசையத்தக்கது என்றும் வரையறுக்கிறது. உவர்ப்பான ஆழ்துளை நீர் பின்னதை நெருங்கவோ மீறவோ கூடும். சென்னை வீடுகளில் ஆர்.ஓ. கருவி ஒதுக்கும் நீரை வண்டி கழுவப் பயன்படுத்துவது நீர்ச்சிக்கனமாகப் போற்றப்படுகிறது. ஆனால் உட்புகும் நீரில் மூன்றில் ஒரு பங்கு குடிநீராகப் பிரிந்தால், ஒதுக்கப்படும் இரு பங்கில் உப்புச்செறிவு ஏறத்தாழ ஒன்றரை மடங்காகிறது. அந்நீர் தரை துடைக்கத் தகும், ஊர்தியின் அடிப்பாகத்துக்குத் தகாது. தமிழகத்தில் 2003 முதல் கட்டாயமாக்கப்பட்ட மழைநீர் சேகரிப்புத் தொட்டியின் நீரோ, குடிநீர் வாரியத்தின் நீரோ இறுதி அலசலுக்கு ஏற்றது.

8.3 உலர்த்துதல்: தரைத்தகடும் சட்டங்களின் உட்புறமும் முழுமையாக உலரும் வரை அடுத்த படிக்குச் செல்லலாகாது. மூடிகளைத் திறந்தே வைத்து, ஊதுகருவியால் காற்றைச் செலுத்துவதும், வெயிலில் கதவுகளைத் திறந்து நிறுத்துவதும் பயன்தரும். டிசம்பர் வானிலையில் இதற்குப் பல நாள்கள் ஆகலாம். எனவே வெள்ளத்தை அடுத்து உடனே பூச்சு இடுவதைத் தவிர்த்து, தற்காலிகமாகச் சட்டங்களுக்குள் நீரை விலக்கும் துருத்தடுப்பு எண்ணெயைத் தெளித்து, நிலையான பூச்சைக் கோடைக்குத் தள்ளிவைப்பதே நன்று. தகட்டு இணைப்புகளின் ஈரத்தையும் வெளியேற்றும் கத்திரி வெயில் பூச்சுக்கு உகந்த பருவம்.

8.4 சோதித்தல்: உயர்த்திய ஊர்தியின் அடியில் நல்ல விளக்கொளியில் பார்வையிட வேண்டும். பூச்சு உப்பியிருத்தல், இணைப்புகளில் செம்பழுப்புக் கறை, திருகாணித் தலைகள் செதிலாதல் ஆகியவை அறிகுறிகள். ஐயத்திற்குரிய சட்டத்தைச் சிறு சுத்தியலால் தட்டினால், நல்ல உலோகம் கணீரென ஒலிக்கும், அரித்தது மங்கி ஒலிக்கும். பிரேக் குழாயில் குழிகளோ செதில்களோ தென்பட்டால் அதனைத் தேய்த்துப் பூசித் தொடர்ந்து பயன்படுத்தலாகாது, மாற்றுவதே முறை. சட்டம் அரிபட்டிருப்பின், துருவின் மேல் பட்டி வைத்து மெழுகுதல் ஏமாற்றாகும். அரித்த பகுதியை வெட்டி, புதுத்தகடு பற்றவைக்க வேண்டும்.

8.5 பூச்சு: தளர்ந்த துருவைக் கம்பித் தூரிகையால் நீக்கி, பாஸ்பாரிக் அமிலம் கலந்த துருமாற்றியை இட்டு, காய்ந்த பின் துத்தநாகம் செறிந்த அடிப்பூச்சோ எப்பாக்சி அடிப்பூச்சோ பூசலாம். அதன் மேல் கல்லடியைத் தாங்கும் மேற்பூச்சு. பெட்டிச் சட்டங்களின் உட்புறத்துக்குத் தடித்த பூச்சு ஆகாது. நுண்ணிடுக்குகளில் ஊர்ந்து பரவும் மெழுகே ஏற்றது. வடிகால் துளைகள், பிரேக் தட்டுகள், சைலன்சர், ரப்பர் இணைப்புகள் ஆகியவை பூச்சுக்கு முன் மறைக்கப்பட வேண்டும். பணி முடிந்ததும் துளைகள் திறந்துள்ளனவா என உரிமையாளரே எண்ணிப் பார்த்தல் நன்று.

9. வழக்கிலுள்ள சில முறைகளின் மதிப்பீடு

பணிமனைகளில் ‘அண்டர் கோட்டிங்’ என வழங்கும் நிலக்கீல் அல்லது ரப்பர் வகைத் தடித்த பூச்சு, சுத்தமான புது ஊர்திக்கு நல்ல காப்பு. வெள்ளத்தில் நின்ற ஊர்திக்கு, முன்கூறிய படிகளைக் கடவாமல் அதனை இடுவது கேடு. பூச்சுக்கடியில் சிக்கிய உப்பு, பூச்சினூடே நீராவியை ஈர்த்துக் கொப்புளங்களை உண்டாக்கும். காலப்போக்கில் விரிசல் விட்ட பூச்சு நீரை உள்வாங்குமே தவிர வெளிவிடாது. கறுப்பாக ஒரே சீராகத் தோன்றும் அப்பரப்பின் அடியில் துரு எவ்வளவு பரவியுள்ளது என்பதை மெக்கானிக்காலும் காண இயலாது. பழைய ஊர்தியை விற்பதற்குச் சற்று முன் இடப்பட்ட புதுப்பூச்சை வாங்குவோர் ஐயத்துடன் நோக்க வேண்டியதும் இதனாலேயே.

கழிவு ஆயிலையும் டீசலையும் கலந்து அடிப்பாகத்தில் அடிப்பது பேருந்து, சரக்குந்துப் பணிமனைகளில் நெடுநாள் வழக்கம். எண்ணெய்ப் படலம் ஈரத்தை விலக்கும் என்பது உண்மையே. ஆயினும் கழிவு ஆயிலில் எரிதலின்போது தோன்றிய அமிலங்களும் உலோகத் துகள்களும் உண்டு. இயற்கை ரப்பர் பாகங்கள் கனிம எண்ணெயில் ஊதிக் கெடும். சொட்டும் எண்ணெய் மழைநீரோடு சதுப்புநிலத்தைச் சேரும். பள்ளிக்கரணையின் விளிம்பில் வாழ்வோர் இதனைத் தவிர்ப்பது கடமை.

மின்னணுக் கருவியொன்றைப் பொருத்தினால் ஊர்தி முழுவதும் துருப்பிடிக்காது என்னும் விளம்பரங்களும் உள்ளன. எதிர்மின்வாய்க் காப்பு என்னும் கோட்பாடு 1824 இல் ஹம்ப்ரி டேவியால் கப்பல்களின் செம்புத் தகடுகளுக்காக ஆராயப்பட்டது. கப்பல் நீரில் மூழ்கியிருப்பதால் மின்னோட்டம் செல்லத் தொடர்ச்சியான மின்பகுளி அங்குண்டு. காற்றில் நிற்கும் ஊர்தியின் மீது அத்தகைய தொடர்ச்சி இல்லாமையால், அக்கோட்பாட்டை அப்படியே இங்கே பொருத்தவியலாது.

10. சட்டமும் காப்பீடும்

இந்தியாவில் தனியார் மகிழுந்தின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன்பின் புதுப்பிக்கும்போதே தகுதிச் சோதனை கட்டாயமாகிறது. வாடகை ஊர்திகளுக்குத் தகுதிச் சான்று முதல் எட்டு ஆண்டுகளுக்கு ஈராண்டுக்கொருமுறையும் பின்னர் ஆண்டுதோறும் தேவை. பிரித்தானியாவில் மூன்றாண்டு கடந்த மகிழுந்து ஆண்டுதோறும் சோதிக்கப்படுகிறது. பிரேக், திசைமாற்றி, இடைநீக்கம், இருக்கைப் பட்டை ஆகியவை பொருந்தும் இடங்களிலிருந்து 30 செ.மீ. எல்லைக்குள் சட்டம் வலுவிழக்க அரிபட்டிருந்தால் அது தகுதி பெறாது. இந்தியத் தனியார் ஊர்திக்கு அத்தகைய இடைக்காலச் சோதனை இல்லாமையால், அப்பொறுப்பு உரிமையாளரையே சார்கிறது.

முழுமைக் காப்பீடு வெள்ளச் சேதத்தை ஈடுசெய்யும். நாளடைவில் நேரும் தேய்மானத்தை ஈடுசெய்யாது. வெள்ளத்துக்குப் பல மாதங்கள் கழித்துத் தோன்றும் துரு இரண்டாம் வகையாகவே கருதப்பட வாய்ப்புண்டு. எனவே இழப்பீட்டுக் கோரிக்கையின்போதே, தரைவிரிப்பை அகற்றுதல், சட்டங்களை அலசுதல், உலர்த்துதல் ஆகியவற்றைப் பழுதுநீக்க மதிப்பீட்டில் சேர்க்கச் சொல்வதும், அடிப்பாகத்தை ஒளிப்படம் எடுத்து வைப்பதும் பயன்தரும்.

11. முடிவுரை

பனிநாட்டுச் சாலை உப்பும் வேளச்சேரி வெள்ளமும் ஒரே மின்வேதி வினையைத் தூண்டினாலும், அவை தாக்கும் வழி வேறு. முன்னதில் செறிந்த உப்பு வெளியிலிருந்து தாக்க, பின்னதில் வண்டலும் தேங்கிய ஈரமும் உள்ளிருந்தும் தாக்குகின்றன. ஆதலின் இங்கே முதற்காப்பு திறந்த வடிகால் துளை. இரண்டாவது நன்னீர்க் கழுவல். மூன்றாவது முழு உலர்ச்சி. பூச்சு இவற்றுக்குப் பின்னரே இடம்பெறும்.

இதற்கெனப் புதுவழக்கம் எதையும் உருவாக்க வேண்டியதில்லை. ஆயுத பூசைக்கு ஊர்தியைக் கழுவிச் சந்தனம் இடும் மரபு, வடகிழக்குப் பருவமழைக்குச் சற்று முன்னரே அமைகிறது. அந்நாளில் அடிப்பாகத்தையும் கழுவித் துளைகளைத் திறந்து பார்த்தால் மழைக்கு முந்திய காப்பு நிறைவுறும். மழை ஓய்ந்து பொங்கலை ஒட்டி மற்றொரு முறை உயர்த்திச் சோதித்தால் மழைக்குப் பிந்திய காப்பும் நிறைவுறும். அடுக்ககச் சங்கங்கள் இவ்விரு காலங்களிலும் மெக்கானிக் ஒருவரை அழைத்து அனைத்து ஊர்திகளையும் ஒருசேரச் சோதிக்க ஏற்பாடு செய்தால் செலவும் குறையும். வெள்ளத்தில் நின்ற ஊர்தியை விற்போர் அவ்வுண்மையை வாங்குவோரிடம் மறையாது கூறுதல், எவ்வகைப் பூச்சினும் முன்னதாகச் செய்யத்தக்க பாதுகாப்பாகும்.